அம்மா உயரமா, ஈஃபிள் கோபுரம் உயரமா?

தம்பி பாரிஸில் வேலை பார்க்கிறான். அம்மாவை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது முதல் நாளே ட்ரோகாடேரோ மேட்டுக்குப் போனோம். எதிரே ஈஃபிள் கோபுரம், வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மாவை அதன் முன்னால் நிறுத்தி, முகம் நன்றாகத் தெரியட்டும் என்று கிட்டே நின்று ஃபோனில் படம் எடுத்தேன். அதில் அம்மாவின் தோளுக்குப் பின்னால், சாவிக்கொத்தில் தொங்கும் பொம்மை போல ஒரு கோபுரம் எட்டிப் பார்த்தது. "நேர்ல இப்படி இல்லையே" என்றார் அம்மா.

அவர் சொன்னது சரிதான். ஆனால் ஃபோனும் பொய் சொல்லவில்லை. ஒரு பொருளின் உண்மையான உயரம் கேமராவுக்குத் தெரியாது. தன் பார்வையில் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் அந்தக் கணக்கு கிடைத்துவிடும். கோபுரத்தின் உயரம் 330 மீட்டர். நாங்கள் நின்ற இடத்திலிருந்து அது சுமார் 600 மீட்டர் தள்ளி இருக்கிறது. வகுத்தால் 0.55. அம்மாவின் உயரம் 1.6 மீட்டர், எனக்கும் அவருக்கும் இடையே 1.5 மீட்டர். வகுத்தால் 1-ஐக் கொஞ்சம் தாண்டும். ஆக, கேமராவின் கணக்கில் அம்மா கோபுரத்தைப் போல இரண்டு மடங்கு உயரம்!

இப்போது நான் மட்டும் பின்னால் நகர்கிறேன். அம்மாவிடமிருந்து 3 மீட்டர் வந்ததும் அவருடைய கணக்கு 0.53 ஆகிவிடுகிறது, அம்மாவும் கோபுரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். 6 மீட்டருக்குப் போனால் அம்மா கோபுரத்தில் பாதி. இவ்வளவு நகர்ந்தும் கோபுரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. 600 மீட்டர் 604 ஆனால் என்ன வந்துவிடப் போகிறது? பக்கத்தில் இருப்பவரைத்தான் நம் நாலு எட்டு மாற்றும், தூரத்தில் இருப்பதை மாற்றாது. விஷயமே இவ்வளவுதான்.

ஆனால் பின்னால் போனால் அம்மா சின்னதாகிவிடுகிறாரே? அங்கேதான் ஜூம் உதவிக்கு வருகிறது. 6 மீட்டரில் நின்று, ஃபோனை நெட்டுவாக்கில் பிடித்து, 2 மடங்கு ஜூம் வைத்தேன். கோபுரம் அடி முதல் நுனி வரை படத்துக்குள் அடங்கியது. அம்மா அதில் பாதி உயரத்துக்கு, முகம் தெளிவாகத் தெரியும்படி நின்றார்.

ஜூம் செய்தால் பின்னணி நெருங்கி வரும் என்று பலர் சொல்வார்கள். நெருங்க வைப்பது ஜூம் இல்லை, நாம் பின்னால் எடுத்து வைத்த அடிகள்தான். சந்தேகம் இருந்தால் ஒரே இடத்தில் நின்று 1 மடங்கில் ஒன்று, 2 மடங்கில் ஒன்று எடுங்கள். முதல் படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி இரண்டாவதன் பக்கத்தில் வையுங்கள். தெளிவு கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் எது எதைவிட எத்தனை மடங்கு பெரியது என்பது அச்சாக அப்படியே இருக்கும்.

நாம் நிற்கும் இடம்தான் படத்தைத் தீர்மானிக்கிறது என்ற இந்த உண்மையை 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் ஃபிலிப்போ புருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் அழகாகக் காட்டியிருக்கிறார். பேராலயத்துக்கு எதிரே உள்ள திருமுழுக்கு மண்டபத்தை ஒரு சிறிய பலகையில் வரைந்து, பலகையில் ஒரு துளை போட்டார். பார்ப்பவர் பலகையின் பின்பக்கத்தில் கண்ணை வைத்து, துளை வழியாக எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தின் பிரதிபலிப்பைப் பார்க்க வேண்டும். துளை எதற்கு? கண் சரியான இடத்தில் இருந்தால்தான் ஓவியமும் நிஜமும் பொருந்தும்.

அப்புறம் ரயிலேறி ஜெர்மனியின் கொலோன் நகருக்குப் போனோம். அங்குள்ள பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் சுமார் 157 மீட்டர் உயரம். அடியில் நின்று ஃபோனை அண்ணாந்து பிடித்து எடுத்தால், இரண்டும் தலையோடு தலை சாய்ந்து மல்லாந்து விழப் போவது போல வருகிறது.

இதற்கும் அதே தூரக் கணக்குதான் காரணம். ஃபோனை நேராக நிமிர்த்திப் பிடிக்கும்போது உள்ளே படத்தைப் பதிவு செய்யும் தகடான சென்சாரும் கட்டடத்தின் முகப்பும் எதிரெதிர்ச் சுவர்கள் போல இணையாக நிற்கின்றன. அப்போது செங்குத்துக் கோடுகள் படத்திலும் செங்குத்தாகவே விழும். ஃபோனை மேல்நோக்கிச் சாய்த்ததும் அந்த இணை கெட்டுவிடுகிறது. சென்சார் பார்க்கும் திசையில் அளந்தால் கட்டடத்தின் உச்சி தூரமாகிறது, அடி கிட்டத்தில் வருகிறது. தூரமானது சிறுக்க வேண்டும் என்பதால் உச்சி குறுகிவிடுகிறது. நேரில் அண்ணாந்து பார்க்கும்போதும் விழித்திரையில் விழும் பிம்பம் இப்படித்தான் இருக்கும். நாம் தலையைத் தூக்கியிருப்பது மூளைக்குத் தெரியும் என்பதால் அது திருத்திக்கொள்கிறது.

மூளை எவ்வளவு தூரம் திருத்தும் என்பதற்கு ஒரு அருமையான சான்று உண்டு. பைசா சாய்ந்த கோபுரத்தை அடியிலிருந்து எடுத்த ஒரே படத்தின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று மற்றதைவிட அதிகமாகச் சாய்ந்தது போலத் தெரியும். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் காட்டி, 2007-இல் அந்த ஆண்டின் சிறந்த மாயத்தோற்றத்துக்கான முதல் பரிசை வாங்கினார்கள். இணையான இரு கோபுரங்கள் மேலே போகப் போக நெருங்க வேண்டும் என்பது மூளையின் பழக்கம். நெருங்கவில்லையா, அப்படியானால் விலகுகின்றன என்று அதுவே முடிவு கட்டிவிடுகிறது.

சாய்வைத் தவிர்க்க வழி: இடம் இருக்கும் வரை பின்னால் போங்கள், ஃபோனை நிமிர்த்தியே பிடியுங்கள், கீழே அதிகமாக விழும் தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளுங்கள். கட்டடக்கலைப் படக்காரர்கள் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் தனி லென்ஸ் வைத்திருப்பார்கள். எடுத்த படத்தைத் திருத்தும் செயலியிலும் நிமிர்த்தலாம், ஆனால் உச்சியை இழுத்து விரிப்பதால் ஓரங்களை வெட்ட வேண்டிவரும். முழுக்க நிமிர்த்திய கோபுரம் எனக்குத் தலை கனத்தது போலத் தெரிகிறது. கொஞ்சம் சாய்வை விட்டுவைப்பேன்.

குடும்பப் படத்தில் மனதை வருத்துவது ஓரத்து முகங்கள். அகலக்கோண லென்ஸ் நேர்க்கோடுகளை நேராகவே காட்டுவதற்காக, ஓரத்தில் உள்ளதை வெளிப்பக்கமாக இழுத்துவிடுகிறது. உருண்டையான தலை நீள்வட்டமாகிவிடும். பேராலய வாசலில் எல்லோரும் அடங்கட்டும் என்று ஃபோனில் அகலக்கோண லென்ஸுக்கான 0.5-ஐ அழுத்தி ஒரு படம் எடுத்தேன். இடது கோடியில் நின்ற தம்பி மகளின் முகம் அகன்று, அவளே அடையாளம் கண்டுகொள்ளாத மாதிரி ஆகிவிட்டது. 1-க்குத் திரும்பி, பத்தடி பின்னால் போய், அவளை அம்மாவுக்குப் பக்கத்தில் நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்தேன். அம்மா வீட்டுக்கு எடுத்துப் போனது அந்தப் படத்தைத்தான்.