தேய்ந்த அரத்தை வினாகிரி கூராக்கும் விதம்

திருகோணமலையில் வள்ளம் திருத்தும் ஓடாவிகளின் அரங்கள் விரைவாக மழுங்குவதற்கு, கொட்டியாரக் குடாவின் கரை மணலும் ஒரு காரணம். கரையேற்றிய வள்ளத்தின் பலகை இடுக்குகளில் மணல் ஏறியிருக்கும். மணலில் உள்ள குவார்ட்சு மோஸ் அளவுகோலில் 7 கடினமுடையது, அரத்தின் எஃகோ ஏறத்தாழ 6.5. தூய மரத்தில் நெடுநாள் உழைக்கும் பல், மணல் பட்டதும் நுனி உருண்டுவிடுகிறது.

ஆனால் வெட்டாத அரமெல்லாம் மழுங்கியதன்று. பல்லிடுக்கில் மரத்தூளும் பிசினும் இறுகினாலும் அது வழுக்கும். ஆகவே முதலில் பித்தளைத் தகடொன்றின் ஓரத்தைப் பல்வரிசை ஓடும் திசையிலேயே அழுத்தித் தள்ளி இடுக்குகளைத் துப்புரவாக்கி, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். பின்னர் வெயிலில் சாய்த்துப் பார்த்தால், உருண்ட நுனிகள் வெள்ளைக் கோடுகளாக மின்னும். கூரான நுனியில் அந்த மினுக்கம் இராது.

எஃகைக் கரைக்கும் அமிலம் எப்படிக் கூர் தரும் என்ற ஐயம் நியாயமானதே. விடை வடிவியலில் இருக்கிறது. வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் இரும்பைக் கரைத்து ஐதரசன் குமிழிகளை வெளிவிடும்போது, பல்லின் முன்முகமும் பின்முகமும் ஏறத்தாழ ஒரே அளவில் உள்வாங்குகின்றன. நுனியின் வளைவு ஆரை 0.02 மில்லிமீற்றர் என்று கொள்வோம். எல்லாப் பக்கத்திலும் அவ்வளவு ஆழம் கரைந்தால் அந்த வளைவு சுருங்கி மறைந்து, இரு முகங்களும் கூரான விளிம்பில் சந்திக்கின்றன. பள்ளத்தின் அடியோ, மாறாக, இன்னும் உருண்டு அகலும். இந்த எளிய விதியை அறிந்தவர் பழைய அரத்தை எறிய மனம் கொள்ளமாட்டார் என்பது என் எண்ணம்.

மரத்தை அராவுவதற்கான, தனித்தனிப் பற்களுடைய அரத்துக்கும் இதே விதிதான். உடைந்த பல்லும், அகலத் தட்டையாகிவிட்ட பல்லும் இதனால் மீளா; அவற்றுக்கு எஃகை மென்மையாக்கி, பழைய பல்லைச் சாணையில் நீக்கி, உளியால் புதிதாக வெட்டி, மீண்டும் கடினமாக்க வேண்டும்.

வினாகிரியில் முழுதும் மூழ்குமாறு, ஒன்றன்மேல் ஒன்று படாமல் அரங்களை வைத்து, சில மணிக்கொருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. மினுக்கம் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேலும் ஊறினால் பல் வீணே மெலியும். எடுத்ததும் அப்பச்சோடா கரைத்த நீரில் நனைத்து எஞ்சிய அமிலத்தைப் போக்கி, கொதிநீர் ஊற்றினால் சூடேறிய எஃகு தானே விரைவில் உலரும். உப்புக்காற்று வீசும் ஊரில் இதில் தாமதிக்கலாகாது: புதிதாகக் கரைந்த பரப்பில் சிறிது நேரத்திலேயே கறள் பிடிக்கும். உலர்ந்தவுடனேயே எண்ணெய் மெல்லியதாகப் பூசி, பல்லோடு பல் உரசாதபடி ஒவ்வொன்றையும் தனித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.