ஹெட்லைட்டை மாற்றும் முன் சுவரைப் பாருங்கள்

போன மாதம் ஒருவர் என் பட்டறையில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். முகப்பு விளக்கு இரண்டும் கண்ணைப் பறிக்கிற வெள்ளையில் எரிந்தன. "ஒரு வாரம் முன்னாடி வீட்டிலேயே எல்ஈடி பல்பு மாத்தினேன் அண்ணே. முன்னாடி பளிச்சுன்னுதான் இருக்கு, ஆனா தூரத்துல ஒண்ணும் தெரியலை. எதிர்ல வர்றவங்க எல்லாம் லைட்டை அடிச்சு அடிச்சுக் காட்டுறாங்க. இதைவிடப் பவர் கூடுனது ஏதாவது இருக்கா?" என்றார்.

பல்பை நான் தொடவே இல்லை. காரைச் சுவருக்கு நேராக ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டுப் பட்டறை விளக்கை அணைத்தேன். லோ பீம், அதாவது தாழ்வாக விழும் வெளிச்சம், போட்டால் சுவரில் ஒரு கோடு விழ வேண்டும். கோட்டுக்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. பெரும்பாலான வண்டிகளில் எதிர்வண்டி வரும் பக்கம் அந்தக் கோடு படுத்திருக்கும். சாலையோரப் பக்கம் 15 டிகிரி அளவுக்கு மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவர்களும் பலகைகளும் தெரிவதற்காக அந்த ஏற்றம். அவர் காரில் கோடே இல்லை. சுண்ணாம்பை வாளியோடு வீசியடித்த மாதிரி சுவர் முழுக்க வெள்ளை, கூரை வரைக்கும். வெளிச்சம் கூடித்தான் இருந்தது. போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

ஹெட்லைட் என்றால் பல்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல்பு அதில் பாதிதான். அந்தப் பல்பின் இழை எந்த இடத்தில், எவ்வளவு நீளத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டு வளைத்ததுதான், வெளிச்சத்தை முன்னால் திருப்பிவிட பின்னால் இருக்கும் ரிஃப்ளெக்டர். எச்4 என்ற வகை ஹாலஜன் பல்பை, அதாவது இழை வைத்த பல்பை, கையில் எடுத்துப் பாருங்கள், கண்ணாடியைத் தொடாமல். (விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும்.) 1971 முதல் புழக்கத்தில் இருக்கும் வடிவம் அது. உள்ளே லோ பீமுக்கு ஒன்று, தூரத்துக்குப் போகும் ஹை பீமுக்கு ஒன்று என்று இரண்டு இழை. லோ பீம் இழைக்கு அடியில் கரண்டிக் குழி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதிக்குப் போகும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும். ஏனென்றால் கீழ்ப்பாதியில் படும் வெளிச்சம் மேலே எழும்பி, எதிரில் வருபவரின் கண்ணுக்குத்தான் போகும். சுவரில் விழுகிற கோட்டை வரைவது அந்தத் தகட்டின் விளிம்புதான். ஒரு மில்லிமீட்டர் இடம் மாறினாலும் கோடு கலைந்துவிடும்.

எல்ஈடி பல்பில் இழை கிடையாது. ஒரு பலகையின் இரண்டு பக்கமும் ஒட்டிய தட்டையான சிப்புகள்தான். இழை நாலா பக்கமும் வெளிச்சம் விடும், சிப்பு தன் முகம் பார்த்த பக்கம்தான் விடும். பலகையின் தடிமன் வேறு நடுவில் நிற்கிறது. சில பல்புகள் இதை ஓரளவு சமாளிக்கின்றன, பல பல்புகள் சமாளிப்பதில்லை. சிப்புகள் மேலும் கீழும் பார்க்காமல் இடமும் வலமும் பார்க்கிற மாதிரி பல்பைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் மாட்டிய வண்டிகள் வாரம் ஒன்றாவது வருகின்றன. ஒரே பல்பு ஒரு காரில் சுமாராகவும் இன்னொரு காரில் படுமோசமாகவும் எரிவதற்கு ரிஃப்ளெக்டரின் வடிவம் காரணம். 2020-ல் ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்7 வடிவ எல்ஈடி பல்புக்குச் சாலையில் ஓட்ட முதன்முறையாக அனுமதி கிடைத்தபோதுகூட, எந்தெந்த கார் மாடலுக்கு என்று பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள்.

பல்பின் பெட்டியில் 20,000 லுமென் (வெளிச்சத்தின் அளவு) என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டுக் கீழே வையுங்கள். எச்4 பல்பின் லோ பீமுக்குத் தரநிலை சொல்வது 1000 லுமென்தான், ஹை பீமுக்கு 1650. விரல் தடிமன் பல்புக்குள்ளிருந்து 20,000 லுமென் எடுக்க ஏறத்தாழ 200 வாட் வேண்டும். அந்தச் சூட்டை நாணயம் அளவு ஃபேன் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

"ஆனா முன்னாடி பளிச்சுன்னு இருக்கே?" என்று அவர் விடவில்லை. நியாயமான கேள்வி. பெரும்பாலானவர்கள் ஏமாறுவதும் இங்கேதான். பம்பருக்கு முன்னால் பத்து மீட்டருக்குள் வெளிச்சம் கொட்டினால் மனசுக்குத் திருப்தியாக இருக்கும். அந்தப் பளபளப்பைப் பார்த்துக் கண்மணி சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்து இருட்டு இன்னும் கறுப்பாகத்தான் தெரியும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறீர்கள். ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை நொடி, அதற்கே 33 மீட்டர். காய்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 35 மீட்டர். ஆக, வண்டி நிற்க 70 மீட்டர் ஆகிறது. நல்ல ஹாலஜன் லோ பீமே கறுப்புச் சட்டைக்காரரை 50, 60 மீட்டரில் காட்டினால் பெரிய விஷயம். பத்து மீட்டரில் இருக்கும் பளபளப்பு உங்களை நிறுத்தப் போவதில்லை. தூரம் இரண்டு மடங்கு தெரிய வேண்டுமானால் அங்கே நாலு மடங்கு வெளிச்சத்தை அனுப்ப வேண்டும். அதைக் குவித்து அனுப்பினால்தான் முடியும், சிதறவிட்டால் நடக்காது.

பழைய பாவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் 60/55 வாட் (ஹை பீம்/லோ பீம்) இருந்த இடத்தில் 100/90 வாட் பல்பை நானே பலருக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஹை பீமில் ஒரு பல்பு 5 ஆம்பியர் இழுத்த இடத்தில் எட்டுக்கு மேல் இழுக்கும். வயரில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடிக்கு ஏறும், கிட்டத்தட்ட 2.8 மடங்கு. ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்தார். பல்பில் வயரை மாட்டும் கப்ளர் உருகிப் பல்போடு ஒட்டியிருந்தது, ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சு கருகியிருந்தது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று யாரோ பெரிய ஃபியூஸ் போட்டுவிட்டிருந்தார்கள். தீப்பிடிக்காதது அவர் அதிர்ஷ்டம், எனக்கும்தான். அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

அப்போ வீட்டில் எதுவுமே செய்யக் கூடாதா? தாராளமாகச் செய்யலாம். புதிதாக எதையாவது சேர்ப்பதற்கு முன், விளக்கு ஏற்கெனவே இழந்ததைத் திரும்ப எடுங்கள். வெளியிலிருந்தே தொடங்கலாம். இப்போதைய ஹெட்லைட் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதன்மேல் இருக்கும் பாதுகாப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்ததும் மஞ்சளாகி மங்கிவிடும். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் எந்தப் பல்பைப் போட்டும் பயனில்லை. சுற்றியுள்ள பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு 800, 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரைப் படிப்படியாக நைசாக்கித் தேயுங்கள். தண்ணீர் விடாமல் ஒரு தேய்ப்புகூடக் கூடாது. முதல் பேப்பர் போட்டதும் கண்ணாடி பால் மாதிரி வெளுத்துப்போகும். பயந்து அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவருபவர்கள் உண்டு. முந்தைய பேப்பரின் கீறல் மறையும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். கடைசியில் பாலிஷ், பிறகு ஆல்கஹாலில் துடைத்து, புறஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட். இந்தக் கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். பற்பசை வைத்தியத்துக்கும் அதே கதி, இன்னும் சீக்கிரம். மஞ்சள் உள்பக்கம் இருந்தாலோ கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ தேய்த்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் மல்டிமீட்டரை எடுங்கள். இன்ஜின் ஓடும்போது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே, பேட்டரியில் எவ்வளவு, பல்பின் கப்ளரில் எவ்வளவு என்று பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தடை. ஹாலஜன் பல்பு வோல்ட்டேஜ் விஷயத்தில் ரொம்பவே ரோஷக்காரன். 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். அன்று வந்தவரின் காரில் பழைய ஹாலஜனை மாட்டி அளந்தபோது பேட்டரியில் 14.1 வோல்ட், பல்பில் 12.1. கிட்டத்தட்ட 40 சதவீத வெளிச்சம் வயரிலேயே செத்துக்கொண்டிருந்தது. காரணம், பேட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட் (எர்த் வயரை வண்டி உடம்போடு இணைப்பது). சுரண்டி முறுக்கியதும் 13.5-க்கு வந்தது. ஹெட்லைட் கரண்ட் முழுக்க ஸ்டியரிங் சுவிட்ச் வழியாகவே போகும் பழைய வண்டி என்றால் ரிலே கிட் போடுவது நல்ல வேலை. ரிலே என்பது சின்னக் கரண்டில் இயங்கி, பெரிய கரண்டை பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்கு விடும் சுவிட்ச். பேட்டரியிலிருந்து ரிலேயின் 30-ம் முனைக்கு (கரண்ட் உள்ளே வரும் முனை) வரும் வயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருந்தாக வேண்டும். கம்ப்யூட்டர் விளக்கைக் கட்டுப்படுத்தும் புது வண்டியில் இதில் கை வைக்க வேண்டாம்.

எச்ஐடி கிட் (இழை இல்லாமல், வாயுவுக்குள் மின்பொறியால் எரியும் பல்பு) பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் வந்ததிலிருந்தே அந்த வகைப் பல்பு தனக்கென்று செய்த விளக்குக்குள்தான் ஒழுங்காக எரியும். லென்ஸ் வழியாக வெளிச்சத்தைக் குவிக்கும் புரொஜெக்டருக்கு டி2எஸ், ரிஃப்ளெக்டருக்குக் கண்ணாடியில் மறைப்புப் பட்டை பூசிய டி2ஆர் என்று பிரித்தே செய்தார்கள். ஹாலஜன் ரிஃப்ளெக்டருக்குள் அதைத் திணித்தால் எதிரில் வருபவருக்குத் தண்டனை. பற்றவைக்கும் நொடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும், எரியும்போது கை வைக்காதீர்கள். நீல வண்ணம் பூசிய ஹாலஜன் பல்பில் அந்தப் பூச்சே வெளிச்சத்தைத் தின்றுவிடுகிறது. கண்ணாடிமேல் கறுப்புப் படலம் ஒட்டுவது பற்றி என்ன சொல்ல, விளக்குக்கு யாராவது கூலிங் கிளாஸ் போடுவார்களா?

ஹெட்லைட்டைச் சூடுகாட்டிப் பிரித்து உள்ளே புரொஜெக்டர் வைப்பது ஒழுங்காகச் செய்தால் நல்ல பலன் தரும். ஆனால் வளையம் வளையமாக அலங்கார விளக்கு வைக்க மட்டும் பிரிக்காதீர்கள். திரும்ப ஒட்டும்போது பசையில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டால் முதல் மழையிலேயே உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். சில விளக்குகளின் பசை சூட்டுக்கு இளகவே இளகாது, நெம்பினால் கண்ணாடிதான் உடையும்.

எந்த வேலை செய்தாலும் கடைசியில் சுவருக்கு வாருங்கள். சமதரை, டயரில் சரியான காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர், வண்டிக்குள் விளக்கின் உயரத்தை மாற்றும் திருகு பூஜ்யத்தில். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் டேப் ஒட்டுங்கள். ஐந்து மீட்டரில் கோடு அந்த டேப்புக்கு 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். ஒரு சதவீதச் சரிவு. வண்டியின் ஹெட்லைட் ஸ்டிக்கரில் வேறு அளவு போட்டிருந்தால் அதுவே சரி. விளக்கின் பின்பக்கத் திருகை ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்பிவிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அன்று வந்தவர் பழைய ஹாலஜன் பல்புகளைப் பத்திரமாக டேஷ்போர்டில் வைத்திருந்தார். அவற்றையே திரும்ப மாட்டி, கண்ணாடியைத் தேய்த்து, கோட்டைச் சரிசெய்தேன். வெளியே எடுத்து ஒரு ரவுண்டு போனவர் முகம் சுருங்கியது. "முன்னைவிட மங்கலா இருக்கே அண்ணே?" என்றார். விளக்குக் கம்பம் இல்லாத சாலையில் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பேசச் சொன்னேன். ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தது. வெளிச்சம் கூடியதா குறைந்ததா என்று அவர் சொல்லவே இல்லை. "வழியில ஒருத்தர்கூட எனக்கு லைட் அடிக்கலை அண்ணே" என்றார்.