கார்டில் இமேஜைக் காப்பி பண்ணாதீர்கள், எழுதுங்கள்

ப்ராஜெக்ட் ரிவ்யூ வாரம் வந்தால் போதும், புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் ஒரே புகார்தான்: "சார், போர்டு செத்துப்போச்சு. சிவப்பு லைட் மட்டும் எரியுது." போர்டு என்பது ராஸ்பெர்ரி பை மாதிரி, எஸ்டி கார்டிலிருந்து லினக்ஸைத் தொடங்கும் சின்னக் கணினி. அந்தக் கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகிப் பார்த்தால், போர்டுக்கான சிஸ்டம் அடங்கிய இமேஜ் ஃபைல் முழுசாக உள்ளே உட்கார்ந்திருக்கும். சிலர் எக்ஸ்இசட் என்ற, ஜிப் மாதிரியான சுருக்கத்தைக்கூட விரித்திருக்க மாட்டார்கள். போர்டுக்கு ஒரு கேடும் இல்லை.

இன்னொரு தடவை சொல்கிறேன். இமேஜ் என்பது ஒரு வட்டை முதல் செக்டாரிலிருந்து (512 பைட் துண்டு) வரிசையாக எடுத்த நகல். பார்ட்டிஷன் டேபிளும் (வட்டின் பிரிவுகளைக் காட்டும் பட்டியல்) பூட்லோடரும் (சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) அதற்குள்ளேயே இருக்கின்றன. அதை ஃபார்மட் செய்த கார்டுக்குள் இழுத்துப் போடுவது, சாவியை டப்பாவில் வைத்துப் பூட்டிவிட்டு டப்பாவைக் கதவில் சொருகுவது மாதிரி. பல சிப்களின் பூட்ராம், அதாவது மின்சாரம் வந்ததும் சிப்புக்குள் முதலில் ஓடும் நிரல், ஃபோல்டர் திறந்து தேடாது. குறித்த இடத்தை மட்டும் பார்க்கும். ஐ.எம்எக்ஸ்6 சிப்புக்குக் கார்டின் தொடக்கத்திலிருந்து 1 கேபி தள்ளி, ஆல்வின்னருக்கு 8 கேபி, ராக்சிப்புக்கு 64-வது செக்டார், அதாவது 32 கேபி. அங்கே பூட்லோடர் இல்லையென்றால் அந்தக் கார்டிலிருந்து பூட் ஆகாது. "ராஸ்பெர்ரி பையில் இழுத்துப் போட்டாலே வந்ததே?" என்பார்கள். அது நூப்ஸ் என்ற பழைய நிறுவி இருந்த காலம். பையின் பூட்ராமுக்கு ஃபேட் (கார்டுகளின் வழக்கமான ஃபார்மட்) பார்ட்டிஷன் படிக்கத் தெரியும், நூப்ஸும் அதற்கென்றே தனி ஃபைல்களாக வந்தது. அந்தப் பழக்கத்தை எல்லா போர்டுக்கும் கொண்டுபோனால் எப்படி?

எழுதத் தெரிந்தவர்கள் செய்யும் தப்பு வேறு. லினக்ஸில் இமேஜை எழுதும் டிடி கட்டளைக்கு, உதாரணமாக, முழுக் கார்டின் பெயரான எஸ்டிபி என்று கொடுக்க வேண்டிய இடத்தில் அதன் முதல் பார்ட்டிஷனான எஸ்டிபி1 என்று கொடுப்பது. அப்போது வட்டின் தலைப்பகுதி ஒரு பார்ட்டிஷனுக்குள் போய் உட்காரும், பூட் ஆகாது. இதைவிட மோசம், எஸ்டிஏ என்று கொடுப்பது. பல லேப்டாப்களில் அது உங்கள் சொந்த வட்டு. டிடி கட்டளை "நிஜமாகவா?" என்று கேட்காது. கார்டு செருகுமுன் ஒரு தடவை, செருகியபின் ஒரு தடவை வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டுங்கள். புதிதாக வந்த பெயர்தான் கார்டு. அளவையும் பாருங்கள்: 32 ஜிபி கார்டு 29.7 ஜி அளவில் காட்டும். எம்எம்சிபிஎல்கே0 என்று வந்தால் கார்டுதான் என்று நம்பிவிடாதீர்கள், மலிவு லேப்டாப்களில் உள்வட்டுக்கே அந்தப் பெயர். பெயரைத் தப்பாக அடித்து எஸ்டிபிபி என்று கொடுத்தால் இன்னும் வேடிக்கை: சாதனப் பெயர்கள் இருக்கும், ராமில் வாழும் டெவ் அடைவுக்குள் அந்தப் பெயரில் சாதாரண ஃபைல் ஒன்று உருவாகி ராமை நிரப்பும். வேகம் பிரமாதமாகத் தெரியும், கார்டில் ஒரு பைட்டும் ஏறியிருக்காது.

டிடி ஓட்டுமுன், தானாக மவுன்ட் ஆன (திறந்துகொண்ட) பார்ட்டிஷன்களை யூமவுன்ட் கட்டளையால் விடுவியுங்கள். எஜெக்ட் பொத்தானை அமுக்காதீர்கள், சாதனமே மறைந்துவிடும். பிளாக் அளவு 4 எம் கொடுங்கள். சும்மா விட்டால் ஒவ்வொரு தடவையும் 512 பைட்டாக ஊரும். எஃப்சிங்க் (எல்லாம் கார்டில் ஏறும்வரை காத்திருக்கச் சொல்லும் தேர்வு) சேர்க்காமல் டிடி "முடிந்தது" என்று சொன்னால் பாதி இன்னும் ராமிலேயே இருக்கலாம். தயவுசெய்து அந்த நொடியில் கார்டைப் பிடுங்காதீர்கள்.

முடிந்ததும் கழற்றி, மறுபடி செருகி, இமேஜின் அளவு வரை சிஎம்பி கட்டளை கொண்டு கார்டையும் இமேஜையும் ஒப்பிடுங்கள். கழற்றாமல் ஒப்பிட்டால் ராமில் இருக்கும் நகலையே படித்துவிட்டு "சரி" என்று சொல்லிவிடலாம். வித்தியாசம் வந்தால் ரீடரை மாற்றிப் பாருங்கள், கடற்கரை ஊரில் உப்புக்காற்று அதன் தொடுமுனைகளை விட்டுவைக்காது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சட்டை வாங்குங்கள். கார்டை மட்டும் பில்லோடு கடையில் வாங்குங்கள். கொள்ளளவில் சந்தேகம் என்றால் போலிக் கார்டைக் கண்டுபிடிக்கும் எஃப்3 கருவியில் சோதியுங்கள். எழுதியபின் விண்டோஸில் செருகினால் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபார்மட் அதற்குப் புரியாது, அவ்வளவுதான். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பீகிள்போன் பிளாக் போர்டில் பழைய சிஸ்டமே வருகிறதா? எஸ்2 பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுங்கள். இல்லையென்றால் போர்டிலேயே இருக்கும் இஎம்எம்சி நினைவகம்தான் முந்திக்கொள்ளும்.

இத்தனைக்கும் பிறகு பூட் ஆகவில்லையென்றால், போர்டின் பூட் செய்திகளை லேப்டாப்பில் காட்டும் 3.3 வோல்ட் சீரியல் கேபிளை மாட்டி 115200 வேகத்தில் பாருங்கள். ராக்சிப் போர்டு என்றால் பெரும்பாலும் 1500000. ஒரு வரிகூட வராவிட்டால் முதல் சந்தேகம் கார்டின் மேல். வந்து பாதியில் நின்றால், அந்தக் கடைசி வரியை எழுதிக்கொண்டு வாருங்கள்.