விசா கிடைத்தாலும் விமானத்தில் ஏற முடியாது: அமெரிக்காவில் பைலட் பயிற்சியும் டிஎஸ்ஏ அனுமதியும்

போன வருடம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். மகன் பைலட் பயிற்சிக்காக ஃப்ளோரிடா போய் ஏழு வாரம் ஆகிறது, இன்னும் ஒரு நாள்கூட விமானத்தில் ஏறவில்லை. வாடகை, சாப்பாடு, இன்ஷூரன்ஸ் என்று மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. "விசாதான் கொடுத்துட்டாங்களே தம்பி, இன்னும் என்ன அனுமதி பாக்கி?" என்று கேட்டார்.

பையனின் விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை. அவன் சேர்ந்த பள்ளிதான், டிஎஸ்ஏ எனப்படும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையப் போர்ட்டலில் வந்து நின்ற அவன் பெயரை உறுதி செய்யாமல் விட்டிருந்தது. அந்த வேலையைப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். அந்த இடத்தில் இப்போது யார் என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. நிலத்தை அடகு வைத்து அனுப்பிய தகப்பனார் ஏழு வாரமாக ஏஜென்டைக் கேட்க, ஏஜென்ட் பள்ளியைக் கைகாட்ட, பள்ளி "டிஎஸ்ஏ தாமதம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. டிஎஸ்ஏவின் பரிசீலனைக்கு அந்த விண்ணப்பம் போய்ச் சேரவே இல்லை.

முதலில் இந்த அனுமதி என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் விமானங்களை ஓட்டியவர்கள் அமெரிக்கப் பள்ளிகளிலேயே பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் இருவருக்கு மாணவர் அனுமதி வழங்கப்பட்டது என்ற குடிவரவுத் துறையின் கடிதம், தாக்குதல் நடந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில் அவர்கள் படித்த பள்ளிக்கு வந்து சேர்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு சட்டங்கள் இறுகின. 2004 முதல் வெளிநாட்டு மாணவர்களின் பின்னணியைச் சோதிக்கும் வேலை டிஎஸ்ஏவிடம் இருக்கிறது. 2024 ஜூலை 30-ல் விதிகள் திருத்தப்பட்டன. 'ஏலியன் ஃப்ளைட் ஸ்டூடன்ட் புரோகிராம்' என்ற பழைய பெயர் போய், 'ஃப்ளைட் டிரெய்னிங் செக்யூரிட்டி புரோகிராம்', அதாவது எஃப்டிஎஸ்பி என்று ஆகிவிட்டது. ஏஜென்ட் கொடுக்கும் நோட்டீஸில் இன்னும் பழைய பெயரே இருந்தால், அதில் உள்ள கட்டணக் கணக்கும் பழையதாகவே இருக்கும். கவனியுங்கள்.

யாருக்கு இது வேண்டும்

அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத எல்லோருக்கும். இதில் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். கிரீன் கார்டு வைத்திருந்தாலும் வேண்டும். டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ எச்-1பி விசாவில் வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் ஆசைக்கு விமானம் ஓட்டக் கற்பவருக்கும் வேண்டும். அவரோடு எச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் வேண்டும். அங்கேயே பிறந்த தம்பிக்கு பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், பயிற்றுநர் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். சென்னையில் பிறந்த அண்ணனுக்கு முழுச் சோதனை. ஒரே வீடு, இரண்டு விதி.

எல்லாப் பயிற்சிக்கும் இது தேவைப்படாது. சிறிய விமானங்களில் மூன்று கட்டங்களுக்குத்தான் கேட்பார்கள்: முதல் உரிமம் (பெரும்பாலும் பிரைவேட் பைலட்), இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி), மல்டி இன்ஜின் ரேட்டிங் (ஒன்றுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள விமானத்தை ஓட்டும் தகுதி). வகுப்பறைப் பாடத்துக்கு வேண்டாம். பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஆசை காட்ட ஒரு சுற்று அழைத்துப் போவார்களே, அதற்கும் வேண்டாம். ஆகவே "டிஎஸ்ஏ வரும்வரை எதுவும் தொடங்க முடியாது" என்று பள்ளி சொன்னால், வகுப்பையாவது தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நாட்களை வீணாக்க வேண்டியதில்லை.

பணம்

சோதனைக் கட்டணம் 140 டாலர். பழைய விதியில் மேலே சொன்ன ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக 130 டாலர் கட்ட வேண்டியிருந்தது. புதிய விதியில் ஒரு முறை சோதித்துத் தகுதி கொடுத்தால் அது அதிகபட்சம் 5 ஆண்டு நிற்கும். அடுத்த கட்டத்துக்குப் போகும்போது அந்தப் பயிற்சியைப் போர்ட்டலில் பதிய வேண்டும், மறுபடி முழுச் சோதனை கிடையாது. இன்றும் சில ஏஜென்டுகள் "டிஎஸ்ஏ கிளியரன்ஸ்: மூன்று முறை" என்று பில் போடுகிறார்கள். ஒரு பெண்ணிடம் 80 ஆயிரம் ரூபாய் வாங்கியிருந்த ரசீதை நான் கண்ணால் பார்த்தேன். இந்த அனுமதியைச் சீக்கிரம் வாங்கித் தரும் சக்தி எந்த ஏஜென்டுக்கும் கிடையாது. கட்டணத்தைப் போர்ட்டலிலேயே நீங்களே கட்டலாம். நிராகரித்தால் அந்தப் பணம் திரும்பாது.

அதைவிடப் பெரிய விஷயம் மின்னஞ்சல். போர்ட்டல் கணக்கை ஏஜென்டின் மின்னஞ்சலில் தொடங்க விடாதீர்கள். டிஎஸ்ஏ ஏதாவது திருத்தம் கேட்டால் அந்த முகவரிக்குத்தான் எழுதும். ஏஜென்ட் அதைப் பார்க்கவில்லை என்றால் உங்களுக்கு எதுவுமே தெரியாது. அவரோடு சண்டை வந்தால் கணக்கே உங்கள் கையில் இருக்காது. உங்கள் சொந்த மின்னஞ்சல், உங்கள் கடவுச்சொல். போர்ட்டலின் இணைய முகவரி 'டிஎஸ்ஏ டாட் டிஎச்எஸ் டாட் ஜிஓவி' என்று முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர்

தமிழர்களைப் பெயர் விஷயம் அளவுக்கு வேறு எதுவும் அலைக்கழித்ததாக நான் பார்க்கவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் அதே பெயர் அப்பா பெயரோடு விரிந்திருக்கும், அல்லது 'சர்நேம்' கட்டம் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் முழுவதும் சர்நேம் இடத்துக்குப் போய், உங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று மூன்று எழுத்து வந்து உட்காரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பள்ளி தரும் சேர்க்கைப் படிவமான ஐ-20-ல் வேறு மாதிரி, டிஎஸ்ஏவில் வேறு மாதிரி, அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏவின் பதிவில் வேறு மாதிரி என்று ஆகிவிட்டால், நான்கும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். எந்த அலுவலகமும் அடுத்த அலுவலகத்தோடு பேசாது.

இதற்கு வைத்தியம் ஊரிலேயே இருக்கிறது. பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை மறுபதிவு செய்து, சர்நேம், கிவன் நேம் இரண்டு கட்டத்தையும் நிரப்பி வாங்குங்கள். மாதம் ஒன்று போனாலும் பரவாயில்லை. அதன்பிறகு எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்துகூட மாறாமல் எழுதுங்கள். பழைய சான்றிதழில் உள்ள பெயரை டிஎஸ்ஏ படிவத்தில் 'வேறு பெயர்கள்' கேட்கும் இடத்தில் தயங்காமல் போடுங்கள். மறைத்ததாகத் தெரிந்தால்தான் ஆபத்து. முன்பு தங்கிய முகவரிகளும் அப்படித்தான். ஹாஸ்டலில் இருந்ததை எழுதவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே சிக்கும்

விண்ணப்பத்தில் நீங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்ததும் அது பள்ளியின் கணக்குக்குப் போகும். பள்ளி 'ஆமாம், இவர் எங்கள் மாணவர்' என்று உறுதி செய்ய வேண்டும். அங்கேதான் திருமங்கலத்துப் பையன் ஏழு வாரம் கிடந்தான். எனவே பணம் அனுப்பும் முன்பே பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உங்கள் பள்ளியில் எஃப்டிஎஸ்பி வேலையைப் பார்ப்பவர் யார், அவர் விடுப்பில் போனால் அடுத்தவர் யார்? பெயர் சொல்லத் தெரியாத பள்ளிக்குப் பணம் அனுப்பாதீர்கள். உறுதி செய்ததும் போர்ட்டலில் நிலை மாறும். அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாறாமல் நின்றால் டிஎஸ்ஏவின் உதவி மையத்துக்கு நீங்களே எழுதிக் கேட்கலாம். அவன் விஷயத்தில் உண்மையைச் சொன்னது அந்த உதவி மையத்தின் பதில்தான், மூன்று வரியில்.

அடுத்தது கைரேகை. "சென்னைத் துணைத் தூதரகத்தில் பத்து விரலும் வைத்தேனே, ஏர்போர்ட்டிலும் வைத்தேனே" என்று எல்லோரும் சொல்வார்கள். அவை விசாவுக்கும் குடிவரவுக்கும். டிஎஸ்ஏவுக்கு அதன் வழிகாட்டலில் சொன்ன இடத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கைரேகை போய்ச் சேராமல் பரிசீலனை முடியாது. பாதி விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு நாள் எண்ணுவதில் பயனில்லை.

பயிற்சி தொடங்க வரும் அன்று பள்ளி உங்களைப் போட்டோ எடுத்து டிஎஸ்ஏவுக்கு ஏற்ற வேண்டும். அனுமதி வாங்கியவரும் விமானத்தில் ஏறுபவரும் ஒரே ஆள்தானா என்று பார்க்க. பள்ளியின் கடமைதான், ஆனாலும் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

இதோடு எஃப்ஏஏ தரும் ஸ்டூடன்ட் பைலட் சர்டிஃபிகேட்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தனியாகப் பறக்க அது வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அதற்கும் டிஎஸ்ஏ ஒரு தனிச் சோதனை செய்கிறது. "ஏற்கெனவே சோதித்துவிட்டார்களே" என்று வாதாடிப் பயனில்லை. மருத்துவச் சான்றும் இந்த விண்ணப்பமும் முதல் வாரத்திலேயே முடிந்துவிட வேண்டும். இல்லையென்றால் தனியாகப் பறக்கத் தயாரான நாளில் அந்தச் சர்டிஃபிகேட் அட்டைக்காகக் காத்திருப்பீர்கள். எஃப்ஏஏ பதிவில் உங்கள் முகவரி இந்தியாவாக மட்டும் இருந்தால், 2025 ஜனவரி 6 முதல் அமெரிக்காவில் கடிதம் பெற்றுக்கொள்ள ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது.

விசாவில் உள்ள பொறி

சுற்றுலா விசாவில் போய்ப் பைலட் பயிற்சி எடுக்க முடியாது. "போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரிடம் அதற்குமேல் பேச வேண்டாம். பள்ளி நல்ல பள்ளியாக, எஃப்ஏஏ ஒப்புதல் பெற்றதாக இருக்கலாம். ஆனால் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அரசு அங்கீகாரம் இல்லையென்றால் ஐ-20 தர முடியாது. அமெரிக்க அரசின் 'ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்' தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஐ-20 வந்ததும் அதில் எஃப்-1 (கல்லூரிப் படிப்பு போன்றவற்றுக்கான மாணவர் விசா) என்று இருக்கிறதா, எம்-1 (தொழிற்பயிற்சிக்கான மாணவர் விசா) என்று இருக்கிறதா என்று பாருங்கள். விமானப் பள்ளிகளில் பெரும்பாலானவை எம்-1தான். படிப்பு முடித்ததும் பயிற்றுநராக வேலை பார்த்துப் பறந்த மணிநேரம் சேர்க்கலாம் என்ற ஆசையைக் காட்டிச் சேர்ப்பார்கள். எஃப்-1 என்றால் 12 மாதம் வரை அதற்கு வழி உண்டு. எம்-1 என்றால் நான்கு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்ற கணக்கில், ஆறு மாதத்துக்கு மேல் கிடையாது. எம்-1-லிருந்து அங்கேயே எஃப்-1-க்கு மாறவும் முடியாது. வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். 2025 ஜூனிலிருந்து மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைக்கச் சொல்கிறார்கள். பூட்டி வைத்துவிட்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள்.

எம்-1-ல் இன்னொரு கத்தி தொங்குகிறது. பள்ளி பிடிக்கவில்லை, விமானம் கிடைக்கவில்லை என்றால் முதல் ஆறு மாதத்துக்குள் மாறிவிட வேண்டும். அதன்பிறகு மாற, உங்கள் கையை மீறிய காரணம் என்று நிரூபிக்க வேண்டும். "அடுத்த மாதம் இரண்டு விமானம் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்று ஐந்தாவது மாதத்தில் சொல்லும் பள்ளியை நம்பிப் பொறுத்தவர்கள் பலர். ஆறு மாதம் தாண்டியதும் பள்ளியின் பேச்சே மாறிவிடும். அந்த நாளை காலண்டரில் குறித்து வையுங்கள். மாறினாலும் டிஎஸ்ஏ அனுமதி தானாகப் பின்னால் வராது. புதிய பள்ளி உங்கள் பயிற்சியைப் போர்ட்டலில் பதிந்த பிறகே விமானத்தில் ஏற வேண்டும்.

எம்-1-ல் தங்கும் அனுமதி ஓராண்டுக் கணக்கில்தான் ஓடும். மழை, புயல், விமானப் பழுது என்று பயிற்சி இழுத்தால் நீட்டிப்பைப் பள்ளி கொடுக்க முடியாது. ஐ-539 என்ற படிவத்தில் குடிவரவுத் துறையிடம் கேட்க வேண்டும். படிப்பு முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்பாகக் கேட்டாலும் செல்லாது, 15 நாளுக்குக் குறைவாக இருந்தாலும் செல்லாது. இந்த இடைவெளியைப் பள்ளி உங்களுக்கு நினைவுபடுத்தும் என்று இருந்துவிடாதீர்கள்.

கடைசியாக, இந்த வரிசை எதுவும் தொடங்கும் முன் ஊரிலேயே செய்ய வேண்டியது ஒன்று. இந்தியாவுக்குத் திரும்பி வந்து வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் முதல் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்து, அதன் தேர்வுகளுக்கான பதிவு எண்ணான கம்ப்யூட்டர் நம்பரும் வாங்கிவிட்டுப் போங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே பெயரில். அமெரிக்க மருத்துவர் பாஸ் செய்த கண்ணை இங்கே ஃபெயில் செய்ததால், உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அப்பீலுக்கு அலையும் ஒரு பையனை எனக்குத் தெரியும்.