வழிகாட்டும் பலகைக்கும் வெளிச்சம் தேவை

கட்டடங்களில் தீப்பாதுகாப்பு ஆய்வு செய்வது என் தொழில். ஒரு மருத்துவமனையில் இரவு ஆய்வின்போது மூன்றாம் மாடிப் படிக்கட்டின் விளக்குகளை அணைக்கச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது, செவிலியர் அறையை ஒட்டியிருந்த, இருட்டில் ஒளிரும் வெளியேறும் வழிப் பலகையின் அம்புக்குறி பச்சையாகத் தெளிவாகத் தெரிந்தது. அதனுடன் சேர்த்து வாங்கி மாட்டிய இன்னொரு பலகை, படிக்கட்டின் திருப்பத்தில், சுவரோடு சுவராக இருண்டு கிடந்தது. பலகையில் குறையில்லை. ஆள் நடந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கை அந்தத் திருப்பத்தில் பொருத்தியிருந்ததால், பலகை சேமித்துவைக்கப் போதிய வெளிச்சம் கிடைக்கவில்லை.

இப்பலகைகளை நம் ஊரில் 'ரேடியம்' என்றே சொல்கிறோம். ரேடியம் கலந்த பூச்சு பழைய கடிகார முட்களில் இருந்தது உண்மை. இப்போதைய பலகைகளில் இருப்பது கதிரியக்கமற்ற ஸ்ட்ரான்சியம் அலுமினேட் என்ற வேதிச்சேர்மம். அதில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரு அரிய உலோகங்களைச் சிறிதளவு சேர்த்தால் இரவு முழுவதும் ஒளிரும் என்பதை 1996இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்கு முன் பயன்பட்ட செம்பு கலந்த துத்தநாக சல்பைடு அவ்வளவு நேரம் தாங்குவதில்லை. தயாரிப்பின்போது போரிக் அமிலத்தையும் சிறிது சேர்ப்பார்கள். அது 1300 டிகிரி செல்சியஸ் அளவிலான சூட்டில் துகள்கள் நன்கு இணைய உதவுவதுடன், ஒளிர்வு நீடிக்கவும் துணைசெய்கிறது.

புற ஊதா, ஊதா, நீல ஒளியை யூரோப்பியம் உள்வாங்கும்போது அதன் எலெக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறுகிறது. உடனே இறங்கினால் 520 நானோமீட்டர் அலைநீள அளவில் பச்சை ஒளி வருகிறது. ஆனால் ஒரு பகுதி ஆற்றல், டிஸ்ப்ரோசியம் படிகத்தில் உண்டாக்கும் பொறிகளில், அதாவது எலிப்பொறிபோல் ஆற்றலைப் பிடித்துவைக்கும் இடங்களில், சிக்கி நிற்கிறது. அறைவெப்பமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து யூரோப்பியத்திடம் திருப்பித் தருவதால்தான், விளக்கு அணைந்த பிறகும் ஒளி வந்துகொண்டிருக்கிறது. பொறியில் எதுவும் சேரவில்லை என்றால் வெளியே வரவும் எதுவும் இல்லை.

இந்த இடத்தில்தான் வாங்குபவர்கள் ஏமாந்துபோகிறார்கள். விற்பனைத் தாளில் அச்சிட்ட ஒளிர்வு எண்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் செனான் விளக்கின் கீழ், 1000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தில் 5 நிமிடம் வைத்து அளந்தவை. நம் படிக்கட்டுகளில் 100 லக்ஸ் கிடைப்பதே அரிது. வெளிச்சத்தின் அளவைப் போலவே அதன் நிறமும் முக்கியம்: பழைய டியூப்லைட்டில் பாதரசத்தின் ஊதா, நீலக் கோடுகள் இருந்தன, மின்சாரச் செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு மஞ்சள் சாயலுள்ள வார்ம் ஒயிட் எல்.இ.டி. போட்டால், கண்ணுக்கு வெளிச்சம் அதேபோல் தெரிந்தாலும் பலகைக்கு உணவு குறைந்துவிடுகிறது. விளக்கை மாற்றுகிறவருக்கும் பலகையை மாட்டுகிறவருக்கும் இடையே பேச்சே நடப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

வண்டிகளில் ஒட்டும் பிரதிபலிப்பு ஸ்டிக்கரையும் 'ரேடியம்' என்றே விற்கிறார்கள். அது தன்மேல் படும் ஒளியைத் திருப்பி அனுப்புமே தவிர எதையும் சேமிக்காது. மின்சாரம் போன படிக்கட்டில் அதனால் பயனில்லை. இரண்டு பள்ளிகளில் அதையே வெளியேறும் வழிக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அலுமினேட் தூளும் ஈரம் பட்டால் சிதையக்கூடியது. ஆதலால் ஓரம் பிரிந்த பலகையை மாற்றிவிடுவது நல்லது.

1993 குண்டுவெடிப்பில் நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் படிக்கட்டுகள் இருளில் மூழ்கியதால், பின்னர் அங்கே ஒளிர்பூச்சு பூசினார்கள். 2001 தாக்குதலில் அப்படிக்கட்டுகளில் இறங்கித் தப்பியவர்கள் அது உதவியதாகக் கூறினார்கள். 2004இல் அந்நகரம் உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

உங்கள் கட்டடத்தில் ஓர் இரவு விளக்குகளை அணைத்து, பத்தாம் நிமிடத்திலும் அறுபதாம் நிமிடத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பாருங்கள். ஒளி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் குறையும் என்பதால், முதல் நிமிடத்துப் பளபளப்பை நம்பவேண்டாம். அந்த மருத்துவமனையில் சென்சாரை எடுத்துவிட்டு, எப்போதும் எரியும், நீலச் சாயலுள்ள கூல் ஒயிட் விளக்கு ஒன்றைப் பொருத்தினார்கள். அடுத்த ஆய்வில், அதே பலகையின் அம்புக்குறி ஒரு மணி நேரம் கழித்தும் தெரிந்தது.