இறந்த பல்லியின் தொட்டியில் மிச்சமிருப்பது

"வளர்த்த லெப்பர்ட் கெக்கோ வால் மெலிந்து இறந்துவிட்டது. அதே கண்ணாடித் தொட்டியை ப்ளீச் ஊற்றிக் கழுவி இன்னொன்றை விடலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் சாவின் காரணம் தெரிய வேண்டும். உடலை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்தால் திசு சிதைந்து நுண்ணோக்கியில் காரணம் பிடிபடுவது கடினம். இரட்டைப் பையில் கட்டி, உணவுப் பொருட்கள் அருகில் இல்லாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து, ஒரு நாளுக்குள் உடற்கூறாய்வுக்குக் கொடுங்கள். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுப்போனதுதான் கொன்றது என்றால் எவ்வளவு கழுவியும் பயனில்லை. ஒரே தொட்டியில் அடுத்தடுத்து இரண்டு பல்லிகள் செத்ததும் "இந்தத் தொட்டிக்கு ராசியில்லை" என்று சாம்பிராணி போடுகிறார்கள். ராசி என்று ஒன்று கிடையாது. கண்டுபிடிக்காமல் விட்ட ஒரு காரணம் அங்கே இருக்கிறது.

சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்களுக்கும் பெரும்பாலான வைரஸ்களுக்கும் வழக்கமான முறையே போதும். சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஈரமாகவே வைத்து, பிறகு அலசிக் காயவிடுங்கள். தேய்ப்பதைத் தவிர்க்கக் கூடாது. ஒட்டியிருக்கும் எச்சத்தோடு வினைபுரிந்தே ப்ளீச்சில் உள்ள குளோரின் தீர்ந்துவிடும், கிருமிக்கு மிஞ்சாது.

ஆனால் வால் மெலிந்தது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் கிரிப்டோஸ்போரிடியம். லெப்பர்ட் கெக்கோ கொழுப்பை வாலில்தான் சேர்த்து வைக்கிறது. இந்த ஒட்டுண்ணி சிறுகுடல் சுவரில் குடியேறியதும் தின்றது உடம்பில் சேராது. சேமிப்பு கரைந்து வால் குச்சியாகிறது. எச்சத்தோடு வெளியேறுவது ஊசிஸ்ட் என்னும் கூடு. வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய இருநூறு கூடுகள் அடங்கும். காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவற்றின் கூடு வெளியே வந்தபின் முதிரக் கொஞ்ச காலம் ஆகும். இது வெளிவரும்போதே தொற்றத் தயாராக இருக்கிறது.

இந்தக் கூட்டின் சுவர் வியக்க வைக்கும் ஒரு கட்டுமானம். உட்புறம் புரதங்களால் ஆனது. அவை கந்தக அணுக்களால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கின்றன. அதன்மேல் மெழுகு போன்ற கொழுப்புப் படலம். உள்ளே தொற்றை உண்டாக்கும் நான்கு ஸ்போரோசாய்ட்டுகள், தங்களுக்கான மாவுச்சத்தைக் கட்டுச்சோறாக வைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. மனிதரையும் கன்றுகளையும் தாக்கும் இதன் உறவான பார்வம் இனத்தின் கூடுகளை 5.25 சதவீத ஹைபோகுளோரைட்டில், அதாவது நீர் கலக்காத ப்ளீச்சில், இரண்டு மணி நேரம் ஊறவைத்தார்கள். அதன் பிறகும் அவை எலிக்குட்டிகளுக்குத் தொற்றின. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குளோரின் கலந்த குடிநீரைக் குடித்தே சுமார் 4 லட்சம் பேர் நோயுற்றார்கள்.

குளோரினைத் தடுக்கும் இந்தச் சுவரால் வெப்பத்தைத் தடுக்க முடியாது. வெப்பம் நுழைய வாசல் தேவையில்லை. 72.4 டிகிரி செல்சியஸில் ஒரே நிமிடத்தில் பார்வம் கூடுகள் தொற்றும் திறனை இழந்தன. உலர்த்தலும் அப்படித்தான்: உள்ளிருக்கும் நீர் வெளியேறியதும் கூடு சுருங்கி நொறுங்குகிறது. அறை வெப்பத்திலேயே, முழுக்கக் காய்ந்த கண்ணாடியில் சில மணி நேரத்துக்கு மேல் தாங்குவதில்லை. ஈரமான மண்ணிலோ பல மாதம் கிடக்கும்.

எனவே மண், மரக்கட்டை, பட்டை, பிளாஸ்டிக் செடி எல்லாவற்றையும் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். மரத்தின் நுண்துளைக்குள் வெப்பம் எட்டியதா என்று யாராலும் சொல்ல முடியாது. பீங்கான் கிண்ணத்தைக் குளிர்ந்த நீரில் இறக்கி, கொதி வந்தபின் பத்து நிமிடம் வையுங்கள். கண்ணாடியில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடும். முதலில் வெதுவெதுப்பான நீரால் சூடேற்றி, பிறகு நீராவிக் கருவியை மெதுவாக நகர்த்துங்கள். முனையில் 100 டிகிரியாக இருக்கும் நீராவி கண்ணாடியைத் தொட்டதும் குளிர்ந்துவிடும். ஒருமுறை ஓட்டிவிட்டுப் போனால் போதாது. அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்து, ஒவ்வொரு பகுதியையும் 75 டிகிரிக்கு மேல் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். மூலைகளில் சிலிக்கோன் உரிந்திருந்தால் அந்த இடுக்கில் எச்சம் புகுந்திருக்கும். அப்படிப்பட்ட தொட்டியைக் காப்பாற்ற முயலாதீர்கள். நன்றாக இருந்தால், திறந்த நிலையில் ஒரு வாரம் காயட்டும்.

அம்மோனியாவும் இதற்குப் பயன்படுவதுண்டு. ஆனால் ப்ளீச் பட்ட தொட்டியில் அதை ஊற்றினால் குளோரமின் வாயு கிளம்பி நுரையீரலைப் புண்ணாக்கும். வீட்டில் முயல வேண்டாம்.

நோய் வந்த பல்லிக்குப் பாரோமோமைசின் என்னும் மருந்தைக் கொடுத்தால் கூடுகள் வெளியேறுவது குறையும், நோய் முற்றிலும் போகாது. ஊர்வன மருந்தியலுக்குப் பணம் ஒதுக்க யாருமில்லை என்பது என் ஆதங்கம். மனிதக் குழந்தைகளுக்கே இந்த நோய்க்கு நல்ல மருந்து கைவிரலில் எண்ணும் அளவுக்கும் இல்லை.

புதிய பல்லியை உடனே இந்தத் தொட்டியில் விடாதீர்கள். 90 நாட்கள் தனிப்பெட்டியில், டிஷ்யூ பேப்பர் மேல் வையுங்கள். அந்த நாட்களில் இடைவெளி விட்டு மூன்று முறை எச்சத்தை அமில நிலைப்புச் சாயச் சோதனைக்குக் கொடுங்கள். கூடுகள் அவ்வப்போதுதான் வெளிவரும் என்பதால் ஒரு சோதனை போதாது. ப்ளீச்சைத் தடுக்கும் அதே மெழுகுச் சுவர் இந்தச் சோதனையில் சிவப்புச் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அமிலம் ஊற்றிக் கழுவினாலும் போகாது. நீலப் பின்னணியில் சின்னச் சின்னச் சிவப்பு உருண்டைகள் தெரிந்தால், தொட்டி காலியாகவே இருக்கட்டும்.