வலிப்பு வந்தபோது நினைவு இருந்ததா?

“விழேல்லை, கண் முழிச்சபடிதான் இருந்தவர்” என்று வீட்டார் சொல்லும்போது, அப்படியென்றால் அது வலிப்பில்லை என்ற நம்பிக்கையும் சேர்ந்தே வருகிறது. கை கால் அடித்து விழும் பெருவலிப்பில்கூடக் கண் பெரும்பாலும் திறந்துதான் இருக்கும். உள்ளே நினைவு இருந்ததா என்பதைக் கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வலிப்பு அங்கேயே நின்றால், ஒரு கை துடிக்கும், வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்பும், இல்லாத மணம் வரும். ஆள் நினைவோடுதான் இருப்பார். விழிப்பைக் காக்கும் ஆழ்பகுதிகளையும் தாக்கினால் கதை வேறு. தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிற்பார். வாய் எதையோ சப்பும், ஒரு கை சாரத்தின் ஓரத்தை நோண்டும். கூப்பிட்டால் திரும்பக்கூடும், பதில் வராது. ஒன்றிரண்டு நிமிடத்தில் விட்டுவிடும், பிறகு கொஞ்ச நேரம் குழப்பம். தேத்தண்ணி எப்படிச் சிந்தியது என்று அவருக்கே தெரியாது.

பிள்ளைகளுக்கு வரும் அப்சன்ஸ் வலிப்பில், பிள்ளை விழாமல் வெறித்தபடி நினைவு தப்பி நிற்கும், 5 முதல் 20 வினாடிதான். சட்டென்று வரும், சட்டென்று போகும், குழப்பம் மிஞ்சாது, ஒரே நாளில் பல தடவை வரலாம். பள்ளிக்கூடத்தில் ‘பராக்குப் பார்க்கிற பிள்ளை’ என்று பெயர் வாங்கிவிடும். பராக்குப் பார்க்கிற பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பும். இந்தப் பிள்ளை திரும்பாது. கிளினிக்கில் 3 நிமிடம் வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொன்னாலே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இரண்டையும் பிரித்தறிவது மருந்துக்காகத்தான்: மூளையின் ஓரிடத்தில் தொடங்கும் வகைக்கு நன்றாக உதவும் காபமசெபின் என்ற மருந்து, அப்சன்ஸைக் கூட்டிவிடும். பதின்வயதில் காலையில் கை சட்டென்று வெட்டி இழுத்து, கோப்பை கைநழுவும் வெட்டிழுப்பு வகை வலிப்பில் நினைவு தப்புவதில்லை. அதையும் இதே மருந்து மோசமாக்கலாம்.

ஆகவே பக்கத்தில் நிற்பவரின் சாட்சிதான் பெரிது. “வலக்கையைத் தூக்குங்கோ” என்று சொல்லிப் பாருங்கள். “மாம்பழம்” என்று ஒரு சொல்லைச் சொல்லிவைத்து, தெளிந்தபின் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். பேச்சுப் பகுதி மட்டும் அடைபட்டவர் எல்லாம் கேட்டபடி வாய் திறக்கமுடியாமல் இருப்பார். அவர் மாம்பழத்தைச் சொல்லிவிடுவார். போனில் படம் எடுப்பவர்கள் கை காலையே எடுக்கிறார்கள். முகமும் உங்கள் குரலும் அதில் வேண்டும்.

நினைவு தப்பி நடப்பவரை இறுக்கிப் பிடிக்காதீர்கள், தள்ளிவிடுவார். அடுப்பு, கிணற்றுப் பக்கம் போகாமல் மெல்லத் திருப்புங்கள். விழுந்து அடிப்பவரை, அடிப்பு நின்றதும் பக்கவாட்டில் சரித்துவிடுங்கள். வாய்க்குள் எதையும் வைக்கவேண்டாம். கையில் திறப்புக் கொடுப்பதால் ஒன்றும் நடக்காது, வலிப்பு தானாகவே நிற்கும் நேரம் வந்திருக்கும். 5 நிமிடம் தாண்டினால் அம்புலன்ஸ் எண் 1990க்கு அழையுங்கள்.

திருகோணமலையில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. முன்கூட்டியே வயிற்றில் எழும் உணர்வை நம்பி, வள்ளத்தில் தனியே போகிறவர்கள் உண்டு. ஒருநாள் அந்த உணர்வே வராமல் நேரடியாக நினைவு போகலாம். வலிப்பு கட்டுப்படும்வரை தொழிலுக்குப் போவது இன்னொருவரோடு, மிதப்பு அங்கியோடு. நிலாவெளிக் கடலில் குளிப்பதென்றால் விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே தண்ணீருக்குள்.